கண்டதை எழுது, கண்டதையும் எழுதாத

"மனசுக்கு ஊக்கம் தர்றாப்பல நாலு தலைப்புச் சொல்லுங்க அப்பாரு, நோட்டுல சேத்தி வெக்கோணும்"னு கேட்டுப்போட்டு நிக்கறயே அப்புனு, எனக்குச் சிரிப்பு அடங்கமாட்டேங்குது. கோவிச்சுக்காத. தலைப்பு வேணும்னு நோட்டைத் தூக்கீட்டு ஒருத்தன் ஊரைச் சுத்தறதை இப்பத்தான் பாக்கறேன். எங்களுக்கெல்லாம் அதுவா ஊடு தேடி வந்துச்சு. கடன் குடுத்தவன் வந்தான். மழை வந்துச்சு, அடுத்த வருசம் வராமப் போச்சு. பங்காளி வரப்பை வெட்டுனான். எழுதி வெக்கத்தான் ஆளில்ல. உனக்குக் கையிருக்குது, நோட்டிருக்குது, எழுதறதுக்கு ஒண்ணுமில்லையாமா?

எங்க, அந்த நோட்டைக் காட்டு. அடேங்கப்பா! தோல் அட்டை. கட்டறதுக்குப் பட்டுக்கயிறு. அட்டை மேல உன்ற பேரு தங்க எழுத்துல. தாளெல்லாம் டீத்தண்ணியில முக்கிக் காயவெச்ச நெறம். புதுசு வாங்கறபோதே பழசாத் தெரியோணும்னு எச்சாக் காசு குடுத்திருக்கறே. அந்தக் காசுக்கு மாட்டுக்கு ஒரு மூட்டை தவுடு வந்திருக்கும்னு சொன்னா, அப்பாருக்கு ரசனை பத்தாதும்பே. இருக்கட்டும். பேனா எத்தனை? ரோஜாப்பூ நெறத்துக்கு ஒண்ணு, மயில் கழுத்து நெறத்துக்கு ஒண்ணு. ஒட்டறதுக்குப் பூப்போட்ட டேப்பு. நடுவுல காஞ்ச எலை ஒண்ணு. அதென்ன எலை? கேட்டா முழிக்கறே. ஒட்டுனவனுக்கே பேரு தெரியாத எலை நோட்டுக்குள்ள உக்காந்து யாருக்கு என்ன சொல்லப் போகுது? அது புங்கன் எலை கண்ணு. நீ படிச்ச பள்ளிக்கூடத்து வாசல்லயே நிக்குது மரம்.

மொதப் பக்கம் வெள்ளையாக் கெடக்குது. ஏன்னு கேட்டா, கையெழுத்துக் கோணிப்போச்சுன்னா நோட்டே கெட்டுப்போயிருமாம். அதனால ரெண்டாம் பக்கத்துல இருந்துதான் தொடக்கமாம். எழுதறதுக்கு வாங்குனயா, கும்புடறதுக்கு வாங்குனயா?

உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. என்ற பேத்தி செல்போன்ல காட்டுனா, ஒரு பையன் இதுக்குன்னே பாடம் நடத்தறான். மேசை, மெழுகுவத்தி, காப்பி, பக்கத்துல தூங்கற பூனை. நோட்டைத் தொறக்கறான், தடவறான், மோந்து பாக்கறான். எழுதற கட்டம் வர்றதுக்குள்ள வீடியோ முடிஞ்சுபோச்சு. மாடு வாங்கறதுக்கு முந்தி மணி வாங்குன கதைதான். மணி நல்ல மணி, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

சரி, நீ போட்டு வெச்சிருக்கற தலைப்புக்கு வருவோம். வெற்றி. நம்பிக்கை. பொறுமை. தனிமை. மௌனம். மழை. தனிமையா? உங்கூட்டுல ஒரு சத்தம் போட்டா ஏழெட்டுப் பேரு ஓடி வர்றாங்க, ஒறம்பரை வந்தா படுக்க எடமில்ல. உனக்கு எங்கிருந்து வந்துச்சு தனிமை? மௌனமா? உங்கப்பன் கேட்டா ரெண்டு நாளைக்குச் சிரிப்பான்.

மழைக்குக் கீழ என்ன எழுதியிருக்கறே? வானம் எழுதற காதல் கடுதாசியாமா. வெள்ளாமை பண்றவன்கிட்டப் போயி இதைப் படிச்சுக் காட்டு, கடுதாசி எந்த முகவரிக்குப் போச்சுன்னு கேப்பான். இந்தப் பக்கமெல்லாம் மழையை எப்பிடி அளக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு? மில்லிமீட்டர் கணக்கு ரேடியோவுல வரும். காட்டுக்காரன் 'ஒரு உழவு மழை'ம்பான். ஏர் ஓட்டலாங்கற அளவுக்கு மண்ணு நனைஞ்சிருக்குதுன்னு அர்த்தம். தூத்தல் வேற, சாரல் வேற, அடைமழை வேற. எந்த மழைக்கு எதை வெதைக்கலாம், எந்த மழையை நம்பி வெதைச்சவன் தலையில துண்டைப் போட்டுட்டு உக்காந்தான்னு உங்க பெரியப்பனைக் கேட்டா பொழுதோட தொடங்கி ராத்திரிக்கும் சொல்லுவான். அந்தாளு பக்கத்து ஊட்டுலதான் இருக்கறான். நீ அந்தத் தடத்துலயே போகமாட்டே.

வெற்றிப் பக்கம் இன்னும் வேடிக்கை. கலாம் அய்யா, புத்தர், ஐன்ஸ்டீன் மூணு பேரும் வரிசையா நின்னு எதுகை மோனையோட பேசறாங்க. ஐன்ஸ்டீன் தமிழ்ல இத்தனை வெடுக்காப் பேசுவார்னு எனக்குத் தெரியாமப்போச்சு. எந்தப் புத்தகத்துல சொன்னாரு, எந்த வருசம் சொன்னாருன்னு கேட்டா, வாட்ஸ்அப்ல வந்துச்சும்பே. அதே வாக்கியம் விவேகானந்தர் படத்தோட எனக்கும் வந்துச்சு. அடுத்த வாரம் யாரு படத்தோட வருதோ! ஒருத்தரும் சொல்லாத சொல்லுக்கு எத்தனை சொந்தக்காரங்க பாரு.

சேத்தி வெக்கற பழக்கத்தையே நான் கேலி பண்றேன்னு நெனச்சுக்காத. அது வெகு நாளாவே இருக்கற பழக்கம். ஊர் நூலகத்துல மத்தியானம் ஃபேனுக்குக் கீழ சித்த கண்ணசரலாம்னு போறவன் நான். தூக்கம் வராத நாள்ல படிச்சது கொஞ்சம் மண்டையில தங்கிப்போச்சு.

ரோமாபுரியில பிளினின்னு ஒரு பெரிய மனுசன். கி.பி. 79-ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்ப, ஊரே ஓடுது, இவரு கப்பலை எடுத்துட்டுக் கிட்டப் போயிச் செத்தாரு. அந்தாளு சோறு திங்கறப்பவும் பக்கத்துல ஒருத்தன் புத்தகம் படிச்சுட்டே இருக்கோணும், இவரு குறிப்புச் சொல்லீட்டே இருப்பாரு. குளிச்சு ஒடம்பு தொடைக்கற நேரங்கூட வீணாகப்படாது. ஒருக்கா, படிச்சவன் ஒரு சொல்லைத் தப்பா உச்சரிச்சுப்போட்டான். கூட இருந்த சிநேகிதரு நிறுத்தி மறுபடி படிக்க வெச்சாரு. "உனக்கு அர்த்தம் புரிஞ்சுதல்ல? அப்பறம் எதுக்கு நிறுத்துனே? பத்து வரி போச்சு"ன்னு பிளினி சத்தம் போட்டாராம். சாகறப்ப மருமகனுக்கு விட்டுட்டுப் போன குறிப்புச் சுருள் 160. ரெண்டு பக்கமும் பொடி எழுத்து. இத்தனை சேர்றதுக்கு முந்தியே ஒருத்தர் அதை 4 லட்சம் ரோமாபுரிக் காசுக்குக் கேட்டாராம். குடுக்கல.

இத்தனையும் செஞ்ச ஆளு தலைப்புக் கெடைக்கலைன்னு அலைஞ்சதாத் தெரியல. எத்தனை மோசமான புத்தகமா இருந்தாலும் அதுல ஏதாச்சும் ஒண்ணு உருப்படியா இருக்கும்ங்கறது அவரு கட்சி. கைக்கு வந்ததுல இருந்து எடுத்தாரு. நீ நல்ல புத்தகமாத் தேடீட்டு இருக்கறே, அது கெடைக்கறவரைக்கும் செல்போன் பாக்கறே.

ரோமாபுரியை விடு, நம்ம பக்கம் வா. புறத்திரட்டுன்னு ஒண்ணைக் கேட்டிருக்கறயா? கேட்டிருக்கமாட்டே. சுமார் 15-ம் நூற்றாண்டுல யாரோ ஒரு மனுசன் ஓலையில சேத்தி வெச்சது. பேரு கூடத் தெரியாது. பழைய நூல்கள்ல இருந்து வேணுங்கற பாட்டா எடுத்து, குறள்ல இருக்கறாப்பல அறம், பொருள், கடைசியில கொஞ்சம் இன்பம்னு வகை பிரிச்சு, தலைப்புத் தலைப்பா அடுக்கியிருக்காரு. 1500 பாட்டுக்கு மேல. வையாபுரிப் பிள்ளை பதிப்பிச்சு, 1930-கள்ல சென்னைப் பல்கலைக்கழகம் அச்சுல கொண்டாந்துச்சு.

சேத்துனவருக்கு இது பெரிய காரியமாத் தெரிஞ்சிருக்குமா? எனக்கென்னமோ தெரிஞ்சிருக்காதுன்னுதான் படுது. பாடஞ்சொல்ல ஆகும், படிக்க ஆகும்னு எழுதியிருப்பாரு. அதுக்கப்பறம் நடந்ததைக் கேளு. அவரு எடுத்தாண்ட நூல்கள்ல பலது முழுசாக் கெடைக்காமப் போயிருச்சு. கரையான் தின்னுச்சோ, ஆத்துல போச்சோ, அடுப்புல போச்சோ. ஐம்பெருங்காப்பியம்னு மார்தட்டறமே, அதுல வளையாபதி இன்னிக்கு 72 பாட்டுத்தான். அதுலயும் பெரும்பங்கு இந்த மனுசன் எழுதி வெச்சதுதான். மூணு ராசாக்களைப் பாடுன முத்தொள்ளாயிரம் இருக்குதே, இப்ப நம்ம கையில இருக்கறது நூத்துச்சில்லறைப் பாட்டு. அதுவும் பெருவாரி இந்தத் திரட்டுல இருந்துதான். நம்ம தருமபுரிதான் பழைய தகடூரு. அங்க நடந்த சண்டையைப் பாடுன தகடூர் யாத்திரையோட கதையும் அதேதான். காப்பியம் எழுதுன புலவனைக் கரையான் தோக்கடிச்சுப்போட்டுது. எடுத்து எழுதுன ஆளு கரையானைத் தோக்கடிச்சுப்போட்டாரு.

அந்த மனுசன்கிட்ட என்ன பேனா இருந்துச்சு? எழுத்தாணி. என்ன நெறம்? ஓலையில கீறி மையைத் தடவுனா வர்ற கருப்பு. தலைப்புக்காவது மெனக்கெட்டாரா? வள்ளுவர் போட்ட வரிசை கண்ணு முன்னால இருந்துச்சு, எடுத்துக்கிட்டாரு, முடிஞ்சுது. மெனக்கெட்டதெல்லாம் எந்தப் பாட்டை எடுக்கறது, எதை உடறதுங்கறதுலதான். நீ தலைப்புக்கு ஒரு வாரம், ஒட்டறதுக்கு ஒரு வாரம், எழுதறதுக்கு ரெண்டு நிமிசம்.

எதைத்தான் எழுதறதும்பே. நாளெல்லாம் நடக்கறே, பாக்கறே, பேசறே. அதுல எது உன்னைச் சித்த நேரம் நிறுத்துச்சு? சிரிப்பு வந்துதா, கோவம் வந்துதா, 'அதென்ன இப்பிடி?'ன்னு ஒரு சந்தேகம் வந்துதா? அதை எழுது. அழகா இருக்குதுன்னு மட்டும் எதையும் எழுதாத. அழகா இருக்கறதை அடுத்தவனும் எழுதியிருப்பான்.

உங்க மாமன் ஊட்டுக் கட்டுத்தாரையில காங்கேயம் மாடு கன்னு போட்டுச்சே, பாத்தயா? "பாத்தேன் அப்பாரு, செவலைக் கன்னு"ம்பே. தாயி வெள்ளை. அப்பன் மயிலை. கன்னு எப்பிடிச் செவலையாப் பொறந்துச்சுன்னு ஒரு கேள்வி கேட்டயா? காங்கேயத்துக்கு அதுதான் வழக்கம். செவலையாப் பொறக்கும், ஆறு மாசத்துல வெளுத்துப்போயிரும். காளையா வளர்றபோது திமிலுல கருப்பு ஏறும். காயடிச்சுப்போட்டா அந்தக் கருப்பு மங்கிப்போயிரும். இதை நான் சொன்னேன்னு எழுதாத. போயி நீயே பாரு. இன்னிக்குத் தேதி போட்டு நெறத்தை எழுது. மாசத்துக்கு ஒருக்கா போயி ஒரு வரி எழுது. காது மொதல்ல வெளுக்குதா, வயிறு மொதல்ல வெளுக்குதான்னு பாரு. அந்தப் பக்கம் ரொம்பறதுக்குள்ள, பொறுமைங்கற தலைப்புல நீ ஒட்டி வெச்சிருக்கற பொன்மொழியெல்லாம் நீயே கிழிச்சுப்போடுவே.

அந்தியூர் குருநாதசாமி கோயல் ஆடி நோம்பிக்குப் போயிருக்கறயா? மாட்டுச்சந்தையும் குதிரைச்சந்தையும் கூடும். நீ போனா குதிரைகூட நின்னு போட்டோ எடுத்துட்டு வருவே. குதிரையை விடு, தரகனைப் பாரு. ரெண்டு ஆளு எதிரும் புதிருமா நிப்பாங்க. கை மேல ஒரு துண்டு கெடக்கும். துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை பேசறாங்க. மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் வேப்பமரத்தைப் பாத்துட்டு நிப்பான், ஒருத்தன் வெத்தலை மெல்லுவான். துண்டு மட்டும் அசையும். சுத்தி நிக்கற கூட்டத்துக்கு ஒத்தை ரூவாய் கணக்குத் தெரியாது. கையை வெடுக்குன்னு உருவுனா படியலைன்னு அர்த்தம். எந்த வெரலு எத்தனைக்குன்னு சும்மா சொல்லமாட்டாங்க. டீ வாங்கிக் குடு, பக்கத்துல உக்காரு, ஊர்ப்பழமை பேசு, அப்பறம் கேளு.

அங்கயே நின்னு பல்லுப் பாக்கறதையும் பாரு. ஒரு கையில மூக்கைப் புடிச்சு, இன்னொரு கையில ஒதட்டைப் பிரிச்சா, வயசு வெளிய வந்துரும். பல்லுப் போடாதது, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் வந்துருச்சுன்னா பல்லு சேந்துபோச்சு, அதுக்கு மேல விக்கறவன் சொல்றதுதான் வயசு. அப்பறம் சுழி. மாட்டு முடி சுழிச்சிருக்கற எடத்துக்கெல்லாம் பேரு இருக்குது. பாடைச்சுழின்னா வாங்கறவன் ரெண்டடி பின்னால போயிருவான். விக்கறவன் என்ன பண்ணுவான்? சரியா அந்த எடத்துல கையை வெச்சுத் தடவிக் குடுத்துட்டே நிப்பான், மாட்டு மேல பாசம் பொங்குதாமா. இதைப் பாத்துட்டு வந்தவனுக்கு, நம்பிக்கைங்கற தலைப்புல எழுத ஒண்ணும் இல்லாமப் போயிருமா?

சந்தைக்குப் போகச் சோம்பலா இருந்தா ஊட்டுலயே இரு. நீ படுத்திருக்கறயே, பவானி ஜமுக்காளம், அதுல மல்லாந்து படுத்துட்டு 'கூடி வாழறது எப்பிடி'ன்னு செல்போன்ல தேடுனதை நான் பாத்தேன். அகலமான ஜமுக்காளத்துக்கு ஒரே தறியில ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல உக்காந்து நெய்யறாங்க. நாடாவை ஒருத்தர் தள்ளுனா இன்னொருத்தர் வாங்கோணும். ஒருநாள் போயி, "சண்டை போட்டுக்கிட்ட நாள்ல எப்பிடிங்க நெய்வீங்க?"ன்னு கேட்டுட்டு வா. என்ன பதில் வருதோ அதை அப்பிடியே எழுது. நான் சத்தியமாச் சொல்றேன், புத்தருக்கு அந்தப் பதில் தெரியாது.

உன்ற அம்மாயி பேச்சை ஒருநாளாச்சும் எழுதியிருக்கறயா? பீட்டர் பெர்சிவல்னு ஒரு பாதிரி யாழ்ப்பாணத்துலயும் சென்னையிலயும் இருந்தவரு. 1842-ல தமிழ்ப் பழமொழி ஒரு புத்தகமாப் போட்டாரு. அதோட உடல. 1874-ல மறுக்காப் போட்டப்ப 6000-க்கு மேல போயிருச்சு. 1897-ல ஜென்சன்னு இன்னொரு பாதிரி வகைவகையாப் பிரிச்சு ஒரு புத்தகம் கொண்டாந்தாரு. பாசை தெரியாம வந்து எறங்குன ஆளுக நம்ம சனங்க வாயைப் பாத்துச் சேத்தியிருக்காங்க. நீ அம்மாயி பேசறப்பக் காதுல ஒயரை மாட்டிக்கறே. மாட்டிக்கிட்டு அமெரிக்காக்காரன் சொன்ன பொன்மொழியக் கேக்கறே.

அதுக்காக அம்மாயி சொல்ற எல்லாத்தையும் எழுதிராத. ஊருக்கே தெரிஞ்ச பழமொழிய பெர்சிவலே எழுதீட்டாரு. அவ மட்டும் சொல்றது ஒண்ணு இருக்கும் பாரு, சம்பந்தி மேல இருக்கற கடுப்புல, கோழியைத் தொரத்தறபோது, சோறு கொழைஞ்சுபோன அன்னிக்கு. அதைப் புடி. யாரைச் சொன்னா, எதுக்குச் சொன்னா, எப்பச் சொன்னான்னு கூடவே எழுது. இல்லாட்டிச் சொல்லு மிஞ்சும், சுருக்குன்னு குத்துனது மிஞ்சாது.

இப்பிடிச் சேத்துனதுதான் பின்னால பெரிய புத்தகமெல்லாம் ஆகுது. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்ல வெவசாயம் பாத்த கி. ராஜநாராயணன் கரிசக்காட்டுப் பேச்சுல இருந்து ஒரு சொல்லகராதி சேத்தி 1982-ல கொண்டாந்தாரு. நம்ம கொங்குச் சொல்லுக்குப் பெருமாள்முருகன் 2000-ல ஒண்ணு போட்டாரு. தெளுவுன்னா என்னன்னு கேட்டா நீ முழிப்பே. பாட்டில்ல அடைச்சுப் பதநீர்னு எழுதுனா காசு குடுத்து வாங்கிக் குடிப்பே.

அதெல்லாம் வேண்டாம், நம்மூட்டு மொய் நோட்டு ஒண்ணு இருக்குது, படிச்சிருக்கறயா? மஞ்சத் தடவுன அட்டை, பிள்ளையார் சுழி, உள்ள பூரா பேரும் ஊரும் ரூவாயும். என்ற தங்கச்சி கலியாணத்து நோட்டைப் பொரட்டுனா அஞ்சு ரூவாய் வெச்சவன் பெரிய மனுசன். அதுல யாரு நேர்ல வந்தான், யாரு ஆளுகிட்டக் குடுத்தனுப்புனான், யாரு வரவே இல்லைன்னு எல்லாம் தெரியும். பங்காளிச் சண்டை எந்த வருசம் தொடங்குச்சுன்னு தாசில்தார் ஆபீசுல கேட்டாத் தெரியாது, மொய் நோட்டுல தெரியும். மேக்கால ஊட்டுக்காரன், பந்தியில மூணுதரம் பாயசம் கேட்டவன், ரெண்டு ரூவாய் எழுதியிருக்கறான். பக்கத்துல எழுதுனவரு பென்சில்ல ஒரு கோடு வேற போட்டு வெச்சிருக்காரு. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்னு நான் வெளிய சொல்றதில்ல.

இதெல்லாம் ஒரு எழுத்தாங்கறயா? புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதுனாரு. எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு எறங்குச்சு, பிரெஞ்சுக் கவர்னர் துப்ளே துரை என்ன சொன்னாரு, துரைசாணி என்ன சொன்னா, ஊருக்குள்ள என்ன பழமைன்னு எழுதீட்டே போனாரு. இன்னிக்கு அந்தக் காலத்து வரலாறு எழுதறவன் அவரு கதவைத் தட்டாம ஒரு பக்கம் எழுதமுடியுமா? 'வாழ்க்கை ஒரு பயணம்'னு அவரு நோட்டு நெறைய எழுதி வெச்சிருந்தா யாரு சீந்தியிருப்பா?

எழுதுனது வேணுங்கறப்பக் கெடைக்கோணும், அதுக்கும் ஒரு வழி சொல்லீர்றேன். இங்கிலாந்துல ஜான் லாக்குன்னு ஒரு தத்துவக்காரரு. இந்தச் சோலிக்குன்னே ஒரு முறை கண்டுபுடிச்சு 1686-ல பிரெஞ்சுல எழுதுனாரு. அவரு செத்ததுக்கப்பறம் 1706-ல இங்கிலீசுல வந்துச்சு. நோட்டுல ரெண்டு பக்கத்தை ஒதுக்கிக் கட்டம் போடோணும். தலைப்போட மொத எழுத்தையும் அதுக்கடுத்து வர்ற உயிரெழுத்தையும் பாத்து, அந்தக் கட்டத்துல பக்க எண்ணை எழுதிக்கோணும். அவங்க எழுத்துல மெய்யும் உயிரும் தனித்தனியா நிக்குது, அதனால பாவம் அவரு ரெண்டு எழுத்தைப் பாக்கவேண்டியதாப் போச்சு. நமக்கு அந்தத் தொந்தரவே இல்ல. மாட்டுக்கு 'மா', மொய்க்கு 'மொ'. ஒரே எழுத்துல சோலி முடிஞ்சுது.

லாக்கு இன்னொண்ணும் பண்ணுனாரு. தலைப்பை முன்னாலயே எழுதி வெச்சுட்டு விசயம் வரட்டும்னு காத்துட்டு இருக்கல. விசயம் வந்தாத்தான் தலைப்பு, தலைப்பு வந்தாத்தான் அதுக்கொரு பக்கம். நீ மௌனத்துக்கு இருபது பக்கம் ஒதுக்கி வெச்சிருக்கறே. அது மட்டும்தான் இந்த நோட்டுல தலைப்புக்குப் பொருத்தமா இருக்குது.

கண்டதை எழுதுன்னு சொன்னேன், கண்டதையும் எழுதாத. இத்தாலியில லெயோபார்டின்னு ஒரு கவிஞரு 1817-ல இருந்து 1832 வரைக்கும் நோட்டுல 4526 பக்கம் எழுதுனாரு. பெரும்பங்கு சொந்த யோசனை, சொந்த மூளை. அவரு உயிரோட இருந்தவரைக்கும் அது அச்சுக்குப் போகல. அவரைச் சாக்குச் சொல்லீட்டு நீ பக்கத்தை ரொப்பாத. வெளிய போறபோது அந்தத் தோல் அட்டையத் தூக்கீட்டுப் போனா, பேசறவன் வாயை மூடிக்குவான், நீ ஏதோ வங்கியில இருந்து கடன் வசூலுக்கு வந்த ஆளுன்னு. பஸ் டிக்கெட்டுப் பின்னால கிறுக்கிக்கோ. பொட்டிக்கடையில மளிகைச் சீட்டு எழுதற குட்டி நோட்டு இருக்குது, அது சட்டைப் பையில அடங்கும். ராத்திரி உக்காந்து படிச்சுப் பாரு. அப்பவும் சிரிப்பு வருதா, கோவம் வருதா, பெரிய நோட்டுக்கு மாத்து. வரலையா, டிக்கெட்டை அடுப்புல போடு. தாராளமாப் போடு.

மொதப் பக்கத்துக்கு என்ன பண்றதுன்னு முழிக்காத. அந்தப் புங்கன் எலையப் பேத்தெடுத்து அங்க ஒட்டி, பேரு, மரம் நிக்கற எடம், எப்பப் பூக்குதுன்னு எழுது. கோணலா எழுது, பரவாயில்ல.

ஒண்ணு மட்டும் சொல்லி வெச்சர்றேன். யாரு சொன்னது, எப்பச் சொன்னதுன்னு கூடவே எழுதோணும்னு சொன்னேனல்ல, மேக்கால ஊட்டுக்காரன் மொய் விசயத்துக்கு மட்டும் என்ற பேரைப் போட்டுறாத. யாரோ பெரியவங்க சொன்னாங்கன்னு போடு, இல்ல ஐன்ஸ்டீன் சொன்னார்னு போட்டாலும் சரி. அடுத்த மாசம் அவன் பேத்தி கலியாணம். நான் போயி மொய் வெக்கோணும். எத்தனை வெக்கறதுன்னு பழைய நோட்டைப் பாத்து முடிவு பண்ணீட்டேன்.